கடலடியில காது வைங்க: புவி அறிவியல் அமைச்சகத்துக்கு குடியாத்தத்துலேர்ந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய புவி அறிவியல் அமைச்சக அதிகாரிங்களுக்கும், ஹைதராபாத் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், பள்ளிக்கரணை கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஓடி, டெல்லி தேசிய நிலநடுக்கவியல் மையம் இங்கெல்லாம் வேலை பாக்கற விஞ்ஞானிங்களுக்கும் வணக்கம்.

நான் வேலூர் மாவட்டம் குடியாத்தம் தாலுகாவுல ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்களுக்கு பிசிக்ஸ் எடுக்கறேன். சுத்தி வளைக்காம கேக்க வந்ததை முதல்லயே கேட்டுடறேன். அந்தமான் நிக்கோபார் தீவுங்களுக்கு மேற்கால, பூமியோட மேலோட்டுல இருக்கற பெரிய பாறைத் தட்டுங்கள்ல ஒண்ணான இந்தியத் தட்டு, பக்கத்து பர்மா தட்டுக்கு அடியில போற அந்த எல்லையில, கடலடியிலயே நிலநடுக்கக் கருவிங்களை நிரந்தரமா வைங்க. கேபிள் போட்டு கரைக்கு இழுங்க. அதுல வர்ற டேட்டாவை எங்க ஸ்கூல் பசங்களும் பாக்கற மாதிரி திறந்து விடுங்க.

கடலே இல்லாத ஊர்ல உக்காந்துகினு உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்னு எங்க வீட்லயே கேட்டாங்க. காரணம் ரெண்டு. ஒண்ணு 2004. எங்க தெருவுல ஒரு குடும்பம் அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு வேளாங்கண்ணி போனாங்க, வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கத்துலேர்ந்து வேன் பிடிச்சு வேளாங்கண்ணி போறது எங்களுக்கு சகஜம், மறுநாள் காலைல கடற்கரைக்குப் போன அந்த வீட்டுப் பெரியவர் திரும்பி வரல. உள்மாவட்டத்துக்காரங்களுக்கும் கடல் சாவு உண்டுங்கறது எங்க தெருவுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. இன்னொரு காரணம் 2021.

அந்த வருஷம் பாலாறுல வெள்ளம் ஓடி ஓஞ்ச நேரம். நவம்பர் 29 விடியக்காலைல ஒரு அதிர்வு, 3.6 அளவுன்னு நீங்கதான் அறிவிச்சீங்க, வேலூருக்கு மேற்கு தென்மேற்கா 59 கிலோமீட்டர்னு நியூஸ்ல வந்துச்சு. அப்பறம் டிசம்பர்ல மறுபடி, 25ம் தேதி மத்தியானம் 3.5. பேரணாம்பட்டு பக்கம் சனங்க டமார்னு சத்தம் கேட்டுதுன்னாங்க, சில வீட்ல சுவத்துல விரிசல், பாத்திர அலமாரி கடகடன்னு ஆடுச்சு, ராத்திரி கொழந்தைங்களைத் தூக்கிகினு வாசல்ல உக்காந்திருந்தவங்களை நானே பாத்தேன். இந்த 59 கிலோமீட்டரை மேப்ல வெச்சுப் பாத்தா ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் காட்டுது, ஆனா பேரணாம்பட்டுக்காரங்க எங்க காலுக்கு அடியிலதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்றாங்க. கிளாஸ்ல பசங்க கேட்டாங்க, "இன்னா மிஸ், கரெக்டா எந்த எடம்? எவ்ளோ ஆழம்? மறுபடியும் வருமா?" மூணாவது கேள்விக்கு உலகத்துல யாருகிட்டயும் பதில் இல்ல, அதை நேராவே சொல்லிட்டேன். ஆனா முதல் ரெண்டு கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியது கருவிங்க, அந்தக் கருவிங்க அதிர்ற எடத்துக்குப் பக்கத்துல இருக்கணும்.

இதை பசங்களுக்கு போர்டுல போட்டுக் காட்டினேன். நிலநடுக்கத்துலேர்ந்து முதல்ல பி அலை வரும், அது வேகமானது, பின்னால எஸ் அலை வரும். ரெண்டுக்கும் நடுவுல எத்தனை செகண்டோ அதை எட்டால பெருக்குனா ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர் தூரத்துல நடந்திருக்கு. நிலநடுக்கக் கருவி வெச்சிருக்கற மூணு நாலு ஸ்டேஷன்லேர்ந்து வட்டம் போட்டா எடம் கிடைக்கும். கணக்கு சுலபம்தான், ஆனா ஸ்டேஷன் தூரமா இருந்தா சின்ன அதிர்வோட பி அலையே இரைச்சல்ல கலந்துடும், ஆழம் சுத்தமா தெரியாது. ஆழம் பிடிபடலேன்னா உலகத்துல பல மையங்க 10 கிலோமீட்டர்னு ஒரு நம்பரை நிறுத்தி வெச்சு மிச்சக் கணக்கைப் போடுவாங்க. அது தப்பான முறையில்ல, பக்கத்துல கருவி இல்லாதப்போ வேற வழி கெடையாது.

இதே கஷ்டம்தான் அந்தமான்ல ஆயிரம் மடங்கு பெருசா இருக்கு.

தீவுங்க எல்லாம் வடக்கு தெக்கா ஒரே கோட்டுல நிக்குது. ஸ்டேஷன் வெக்கணும்னா அந்தக் கோட்டு மேலதான் வெக்க முடியும், மண்ணு அங்கதான் இருக்கு. ஆனா தட்டு உள்ள போற அகழி, அதாவது கடல் தரையில இருக்கற நீளமான பள்ளம், தீவுக்கு மேற்கால சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி கடலுக்கு அடியில இருக்கு, அதுக்கும் மேற்கால சென்னை வர்றவரைக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல வெறும் தண்ணி. எங்க பக்கம் ஆடி மாசத்துல ராத்திரி எங்கயோ பாரதக் கூத்து நடக்கும், முகவீணை சத்தம் காத்துல வரும், வீட்டுத் திண்ணைல படுத்துகினு கேட்டா எந்தத் திசைன்னு தெரியுமே தவிர பக்கத்து ஊரா அதுக்கு அடுத்த ஊரான்னு சொல்ல முடியாது, அந்தப் பக்கத்து ஊர்ல ஒருத்தன் போன் எடுத்து எனக்கு எந்தப் பக்கம் கேக்குதுன்னு சொன்னாத்தான் எடம் நிக்கும். தீவு மேல இருக்கற எல்லா ஸ்டேஷனும் ஒரே திண்ணைல படுத்திருக்கு. அகழி மேலயும் அதுக்கு அந்தாண்டையும் காது வெச்சாத்தான் எந்த நிலநடுக்கம் தட்டு உரசற அந்த எல்லையிலயே நடந்தது, எது மேல் தட்டுக்குள்ள நடந்தது, எது உள்ள போற தட்டு வளைஞ்சு ஒடைஞ்சு நடந்ததுன்னு பிரிக்க முடியும். சுனாமிக்கு இந்தப் பிரிப்புதான் உயிர்.

ஏன்னு 2012ஐப் பாத்தா புரியும். அந்த வருஷம் ஏப்ரல் 11 மத்தியானம் சுமத்ராவுக்கு மேற்கால 8.6, ரெண்டு மணி நேரம் கழிச்சு 8.2. சென்னைல ஆபீஸ் ஆபீஸா சனங்க இறங்கி ரோட்டுக்கு வந்தாங்க. அவ்ளோ பெருசு, ஆனா பெரிய சுனாமி வரல, ஏன்னா அது தட்டு எல்லையில நடக்கல, தட்டுக்கு உள்ளயே பக்கவாட்டுல நகர்ந்தது, கடல் தரை மேல தூக்கல. அதுக்கு நேர் எதிர் 2010 அக்டோபர் 25, சுமத்ராவுக்கு மேற்கால இருக்கற மென்டவாய் தீவுங்க. 7.8தான். ஆட்டம் மெதுவா இருந்துச்சு, ஓடற அளவுக்கு பலமா இல்லன்னு நிறைய பேர் வீட்டுக்குள்ளயே இருந்துட்டாங்க, ஆனா அகழிக்கு ரொம்ப பக்கத்துல, ஆழம் கம்மியான பகுதி மெதுவா நழுவிச்சு, தண்ணி பல மீட்டர் ஒசரம் ஏறிடுச்சு, 400 பேருக்கு மேல செத்துட்டாங்க. அதாவது அளவு மட்டும் தெரிஞ்சா பத்தாது, ஆட்டத்தோட பலமும் நம்பக்கூடியது இல்ல. எங்க நழுவிச்சு, எந்த ஆழத்துல, எப்படி நழுவிச்சுங்கறது உடனே தெரியணும். அதைச் சொல்லக்கூடிய எடம் அதுக்கு நேர் மேல இருக்கற கடல் தரை.

2004 டிசம்பர் 26 காலைல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, ஆனா இந்த மடலைப் படிக்கற எங்க ஊர் ஆளுங்களுக்கு சொல்லணும். நம்ம நேரம் 6:29க்கு சுமத்ராவோட வடமேற்கு முனைக்குப் பக்கத்துல இறுகிக் கெடந்த தட்டு பிடி விட்டுச்சு. விட்டது ஒரே எடத்துல நிக்கல, வடக்கு நோக்கி நிக்கோபார் தாண்டி அந்தமான் வரைக்கும் கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர் பிளந்துகினே போச்சு, அதுக்கு எட்டு பத்து நிமிஷம் ஆச்சு. ஹவாய்ல இருந்த மையம் கால் மணி நேரத்துல 8.0ன்னு சொன்னாங்க, ஒரு மணி நேரம் கழிச்சு 8.5ன்னாங்க, 9னு தெரிய பல மணி நேரம் ஆச்சு. 8.0க்கும் 9.1க்கும் ஆற்றல் வித்தியாசம் நாப்பது மடங்குக்கு மேல. நாகப்பட்டினத்துக்கு தண்ணி வந்தது ஏறக்குறைய ஒம்போது மணி. ரெண்டரை மணி நேரம் கைல இருந்துச்சு, நம்மகிட்ட சொல்றதுக்கு ஒரு அமைப்பு இல்ல. நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. கார் நிக்கோபார்ல இருந்தவங்களுக்கு ரெண்டரை மணி நேரம்லாம் கெடையாது, நிமிஷக் கணக்குதான். கிரேட் நிக்கோபாரோட தெக்கு முனைல இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல கீழ இறங்கிடுச்சு, லைட்ஹவுஸோட அடி இன்னிக்கும் தண்ணிக்குள்ள நிக்குது.

அந்தப் பக்கம் அதிர்றது புதுசும் இல்ல. 1881 டிசம்பர் 31 கார் நிக்கோபார் பக்கத்துல பெரிய நிலநடுக்கம் வந்தப்போ சென்னை, நாகப்பட்டினம் துறைமுகத்துல இருந்த அலைமானிங்க அந்த சுனாமியைப் பதிவு பண்ணியிருக்கு. 1941 ஜூன்ல அந்தமான்ல மறுபடி பெருசா வந்துச்சு.

2004க்கு அப்பறம் நீங்க செஞ்சதை எங்க பசங்களுக்கு நான் பெருமையாத்தான் சொல்லித் தர்றேன். 2007 அக்டோபர்ல இன்காய்ஸ்ல சுனாமி எச்சரிக்கை மையம் ஆரம்பிச்சு, இந்தியப் பெருங்கடல் நாடுங்களுக்கே தகவல் குடுக்கற அளவுக்கு வளத்தீங்க. கடலடியில அழுத்தமானி, மேல மிதவை, கரையில அலைமானி, தீவுங்கள்ல ஜிபிஎஸ்ஸும் அதிர்வு கருவியும். மிதவையை மீன்பிடி வலை இழுத்துட்டாலும் யாராச்சும் கழட்டிட்டுப் போயிட்டாலும் என்ஐஓடிக்காரங்க சாகர் நிதி கப்பல் எடுத்துகினு போய் திரும்ப நிறுத்தறாங்க. அதோட மதிப்பு எனக்குத் தெரியும். ஆனா மிதவைக்குக் கீழ இருக்கற அழுத்தமானி முக்கியமா சொல்றது சுனாமி கெளம்பிடுச்சா இல்லையான்னு. தட்டு எங்க பூட்டிகினு இருக்கு, எங்க சத்தமில்லாம நழுவுதுங்கற கேள்வி அதுக்கும் முன்னால இருக்கு. அதுக்கு வருஷக்கணக்கா, அசையாம, அங்கயே கெடக்கற கருவிங்க வேணும்.

ஜப்பான் கதை இதுக்கு சாட்சி. 2011 மார்ச் 11 நிலநடுக்கம், சுனாமிக்கு முன்னால உலகத்துலயே ரொம்ப நெருக்கமான நிலநடுக்கக் கருவி வலையும் ஜிபிஎஸ் வலையும் அவங்ககிட்டதான் இருந்துச்சு, ஆனா அதுல பெரும்பாலானது கரைல. அங்க மியாகி மாகாணத்துக்கு எதிர்ல இருக்கற கடல்ல 8 அளவுக்குள்ளதான் வரும்னு எதிர்பாத்தாங்க, வந்தது 9. அகழிக்குப் பக்கத்துல இருந்த ஆழங் கம்மியான பகுதி எவ்ளோ இறுகி இருந்துச்சுன்னு கரைல இருந்த ஜிபிஎஸ்ஸால பாக்க முடியல, தூரம் அப்படி. கடலடியில அவங்க ஏற்கனவே சில ஒலிக்கருவிங்களை வெச்சிருந்தாங்க, கப்பல் மேலேர்ந்து ஒலி அனுப்பி அது திரும்பி வர்ற நேரத்தை வெச்சு தரை நகர்ந்ததை அளக்கறது, அதுல பாத்தா நிலநடுக்க மையத்துக்குப் பக்கத்துல கடல் தரை 24 மீட்டர் நகர்ந்திருக்கு. இருபத்தி நாலு மீட்டர். இதைவிட எனக்கு மனசு கனத்துப்போன விஷயம் இன்னொண்ணு. அந்தப் பெரிய நிலநடுக்கத்துக்கு முந்தின வாரங்கள்ல அதே பகுதியில தட்டு சத்தமில்லாம மெதுவா நழுவிகினு இருந்துச்சுன்னு அங்க கடலடியில கெடந்த அழுத்தமானிங்க பதிவு பண்ணியிருந்துச்சு. ஆனா அந்தப் பதிவு கருவிக்குள்ளயே இருந்துச்சு. கேபிள் இல்ல. கப்பல் போய் எடுத்து வந்து படிச்சப்போ எல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு. அதை வெச்சு தேதி குறிச்சிருக்கலாம்னு நான் சொல்ல வரல, மெதுவா நழுவற எல்லாமே பெருசுல போய் முடியறதும் இல்ல. ஆனா நடந்துகினு இருக்கறது நடக்கற நேரத்துலயே தெரியணுமா வேணாமா?

அவங்க அப்பறம் என்ன பண்ணாங்க? ஜப்பான் அகழி நெடுக எஸ்-நெட்டுன்னு 150 எடத்துல நிலநடுக்கமானியும் அழுத்தமானியும் சேர்த்து, சுமார் 5,500 கிலோமீட்டர் கேபிள்ல கோத்து கடலுக்கு அடியில இறக்கினாங்க. தெக்கால நான்காய் பகுதியில டோனெட்டுன்னு இன்னொண்ணு. அந்தக் கருவிங்களால நிலநடுக்கத்தை அதிகபட்சம் 30 செகண்டும் சுனாமியை 20 நிமிஷமும் முன்கூட்டியே பிடிக்கலாம்னு சொல்றாங்க. கார் நிக்கோபார்ல இருக்கற ஒரு ஆயாவுக்கு அந்த இருபது நிமிஷம் எவ்ளோ பெருசுன்னு யோசிச்சுப் பாருங்க. நியூசிலாந்துல 2014ல கிஸ்போர்ன் பக்கத்து கடலடியில அழுத்தமானிங்களை வெச்சு, அகழி வரைக்கும் மெதுவா நழுவற ஒரு சம்பவத்தையே பிடிச்சாங்க, தரை சில சென்டிமீட்டர் ஒசந்தது அதுல தெரிஞ்சது. கிலோமீட்டர் கணக்கு ஆழத் தண்ணிக்கு அடியில சென்டிமீட்டரை அளக்க முடியுதுன்னா பசங்க வாயைப் பொளந்துடறாங்க.

நம்ம ஆளுங்களுக்கும் இது தெரியாத வேலை இல்ல. நம்ம விஞ்ஞானிங்க அந்தமான் கடல்ல இந்த மாதிரி கருவிங்களை இறக்கி எடுத்திருக்காங்க, 2014 மார்ச்ல நிக்கோபார் பக்கத்துல கடலடி எரிமலைப் பகுதியில வரிசையா அதிர்வு வந்தப்போ நம்ம கருவிங்க அங்கயே கெடந்து பதிவு பண்ணியிருக்கு. அது தற்காலிகமா வெச்சது. நான் கேக்கறது நிரந்தரமா.

தற்காலிகமா இறக்கி எடுக்கற இந்தக் கருவியை நான் பசங்களுக்கு வரைஞ்சு காட்டறப்போ கிளாஸே அமைதியாயிடும், அதனால இங்கயும் கொஞ்சம் சொல்றேன். ஒரு கண்ணாடி உருண்டை, குறுக்களவு 43 சென்டிமீட்டர், ரெண்டு அரை உருண்டையா வரும். உள்ள நிலநடுக்கமானி, கடிகாரம், மெமரி, லித்தியம் பேட்டரி எல்லாத்தையும் வெச்சு ரெண்டு பாதியையும் சேர்த்து, காத்தை உறிஞ்சிட்டு, சேர்ந்த எடத்தைச் சுத்தி டேப் ஒட்டுவாங்க. நாலாயிரம் மீட்டர் ஆழத்துல 400 வளிமண்டல அழுத்தம், அந்த அழுத்தமே ரெண்டு பாதியையும் இறுக்கி வெச்சுக்கும். வெளிய கெட்டி பிளாஸ்டிக் ஓடு. அடியில ஒரு இரும்புச் சட்டம், வெறும் எடைக்கு. கப்பல் மேலேர்ந்து இறக்கி விட்டா செகண்டுக்கு ஒரு மீட்டர் போல இறங்கும், தரை தொட ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். போய் உக்காந்ததும் உள்ள இருக்கற சின்ன மோட்டார் சென்சாரை மட்டம் பண்ணிக்கும். எந்தப் பக்கம் வடக்குன்னு அதுக்குத் தெரியாது, அப்பறமா வேற நாட்டுல வந்த பெரிய நிலநடுக்கத்தோட அலை எந்தத் திசையிலேர்ந்து வந்துச்சோ அதை வெச்சு கணக்கு போட்டுக் கண்டுபிடிக்கணும். கடலுக்கு அடியில ஜிபிஎஸ் சிக்னல் போகாது, அதனால கடிகாரம் தன் போக்குல ஓடும், ஒரு வருஷத்துல ஒரு செகண்ட் வரைக்கும்கூட தள்ளிப் போகலாம். ஒரு செகண்ட் தானேன்னு நெனைக்கக் கூடாது, பி அலை அந்த ஒரு செகண்ட்ல ஆறேழு கிலோமீட்டர் போயிடும். அதனால இறக்கறதுக்கு முன்னால ஒரு தடவை, எடுத்ததும் ஒரு தடவை கடிகாரத்தை ஒத்துப் பாத்து நடுவுல எவ்ளோ நகர்ந்துச்சுன்னு பங்கிட்டுத் திருத்துவாங்க. எடுக்கறப்போ கப்பல்லேர்ந்து ஒலியில ஒரு சங்கேதக் குறி அனுப்பினா, கருவியையும் எடைச் சட்டத்தையும் பிடிச்சிருக்கற கம்பியில கரண்ட் பாயும், உப்புத் தண்ணில அந்தக் கம்பி சில நிமிஷத்துல அரிச்சு அந்து போகும், உருண்டை தானா மேல மிதந்து வரும், இரும்புச் சட்டம் அடியிலயே தங்கிடும். ராத்திரியில மேல வந்தா விளக்கு மின்னும். சில உருண்டை கூப்பிட்டாலும் வராது. ஒரு வருஷத்துப் பதிவு அதோட போச்சு.

கேபிள்ல இணைச்சா இந்த கடிகாரப் பிரச்சினை, பேட்டரி, வருமா வராதாங்கற தவிப்பு எதுவும் இல்ல. செலவு அதிகம்னு எனக்கும் தெரியும். அதனால ஒரேயடியா 150 எடம் கேக்கல. கார் நிக்கோபாருக்கு மேற்கால அகழி தாண்டற வரைக்கும் ஒரே ஒரு கோடு, அதுல சில எடத்துல நிலநடுக்கமானியும் அழுத்தமானியும், அங்கேர்ந்து ஆரம்பிங்க. அதுக்கு நடுவுல இருக்கற எடத்தை மிதந்து வர்ற உருண்டைங்களை வருஷா வருஷம் மாத்தி வெச்சு நிரப்புங்க. 2021ல ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ஒதுக்கி மூணு பேரை ஆறாயிரம் மீட்டருக்கு இறக்கற மத்ஸ்யா 6000 கட்டற நாடு நம்ம நாடு, அந்த அறிவும் கப்பலும் ஆளுங்களும் பள்ளிக்கரணைலயே இருக்காங்க.

இன்னொரு வழியும் கையிலயே இருக்கு. 2020 ஆகஸ்ட் 10 சென்னையிலேர்ந்து போர்ட் பிளேருக்கும் கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் மாதிரி தீவுங்களுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் ஆப்டிகல் பைபர் கேபிளைத் தொடங்கி வெச்சாங்க. தீவு சனங்களுக்கு இன்டர்நெட் வந்துச்சு, ரொம்ப நல்லது. அந்த கேபிள் தட்டு எல்லையைத் தாண்டித்தான் போயாகணும், வேற பாதை கெடையாது. கரையோரத்துலேர்ந்து பைபருக்குள்ள லேசர் துடிப்பு அனுப்பி, கண்ணாடிக்குள்ள சிதறித் திரும்பி வர்ற ஒளியை வெச்சு அந்த நார் எங்கெங்க இழுபட்டுதுன்னு அளக்கற முறை உலகத்துல பல எடத்துல நடக்குது, முதல் ரிப்பீட்டர், அதாவது கேபிள்ல நடுநடுவுல ஒளியை பலப்படுத்தற பெட்டி, அது வரைக்கும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு சில மீட்டரும் ஒரு நிலநடுக்கமானி மாதிரி ஆயிடும். கார் நிக்கோபார் பக்கத்துலேர்ந்து அதை ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க, தொலைத்தொடர்புத் துறையோட உக்காந்து பேசுங்க. இனிமே போடப்போற கேபிள்ல ரிப்பீட்டருக்குள்ளயே அழுத்தம், வெப்பம், அதிர்வு மூணையும் அளக்கற சென்சார் வெச்சே இறக்கணும்னு சட்டமா போடுங்க. 2012லேர்ந்தே ஐநாவோட தொலைத்தொடர்பு, வானிலை, கடலியல் அமைப்புங்க மூணும் சேர்ந்து இதுக்குன்னு ஒரு குழு வெச்சு பேசிகினு இருக்காங்க, போர்ச்சுகல் தன்னோட தீவுங்களுக்குப் போற கேபிள்ல இதைச் செய்ய முடிவெடுத்திருக்கு. ஒரு தடவை சென்சார் இல்லாம இறக்கிட்டா அந்த கேபிளோட ஆயுசு முழுக்க, அதாவது இருபத்தஞ்சு வருஷம், அந்த வாய்ப்பு போயிடுது.

கிரேட் நிக்கோபார்ல துறைமுகம், டவுன்ஷிப்னு பெரிய திட்டம் போட்டிருக்கீங்க. அது வேணுமா வேணாமான்னு இந்த மடல்ல நான் பேசல, அதுக்கு வேற ஆளுங்க பேசறாங்க. ஆனா ஆயிரக்கணக்கான குடும்பத்தைக் கொண்டுபோய் தட்டு எல்லை மேல குடி வெக்கறதா இருந்தா, அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னால கடலடியில கருவி இருக்கணும். இதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல.

டேட்டா பத்தி. ஜப்பான்காரங்க பேர் பதிவு பண்ணிக்கிட்டா எஸ்-நெட் டேட்டா குடுக்கறாங்க. கனடாவோட கடலடி நெட்வொர்க் டேட்டாவை எங்க ஸ்கூல் லேப் கம்ப்யூட்டர்லயே இறக்கி வரைஞ்சிருக்கோம், குடியாத்தம் தாலுகாவுல பிளஸ் ஒன் படிக்கற பொண்ணு பசிபிக் கடலடியில வந்த அதிர்வோட பி அலையை ஸ்கேல் வெச்சு அளக்கறா. அதே பொண்ணு நிக்கோபார் டேட்டாவைக் கேட்டா எதைக் காட்டறது? பாதுகாப்பு காரணம் இருக்கும், தீவுங்க கடற்படைக்கு முக்கியமான எடம், அதை நான் மறுக்கல. நீர்மூழ்கி சத்தம் கேக்கற அலைவரிசையை வடிகட்டிட்டு மிச்சத்தைக் குடுங்க, கொஞ்ச நாள் தள்ளியே குடுங்க, பழைய தற்காலிகக் கருவிங்க எடுத்த பதிவுலேர்ந்தே ஆரம்பிங்க. அதோட தமிழ்ல ஒரு பக்கம் வேணும். கடலோரத்துல எச்சரிக்கை வர்றப்போ படிக்கறது மீனவர், அதிகாரி இல்ல.

வடஆற்காடுக்காரங்க அரசாங்கம் பொறுமையா செய்யற விஞ்ஞானத்தைக் கண்ணால பாத்தவங்க. ஜவ்வாது மலைல காவலூர் வானோக்கி எங்க பழைய மாவட்டத்துலதான் இருக்கு. 1977ல யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்கறது தெரிய வந்தப்போ அங்கேர்ந்தும் அதைப் பதிவு பண்ணாங்க, 1986ல 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்துச்சு, அங்க கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பேரு. மேகம் மறைச்சா அன்னிக்கு வேலை இல்ல, மறுநாள் மறுபடி. உடனே பலன் என்னன்னு யாரும் கேக்கல. அந்தப் பொறுமையைக் கடலுக்குக் கீழயும் காட்டுங்க.

வேலைலயும் எங்களுக்குப் பங்கு குடுங்க. ராணிப்பேட்டை சிப்காட்லயும் சுத்துப்பட்டு பட்டறைங்கள்லயும் இரும்பு வேலை தெரிஞ்ச கை ஏராளம். அந்த எடைச் சட்டம் ஒவ்வொரு தடவையும் கடலடியில தங்கிடறது, ஒவ்வொரு தடவையும் புதுசு வேணும், அதை ஏன் எங்க பசங்க அடிச்சுத் தரக்கூடாது? வேலூர்ல இன்ஜினியரிங் காலேஜ், பாலிடெக்னிக், ஐடிஐ எல்லாம் இருக்கு, கருவி கப்பலேறப்போ வருஷத்துக்கு நாலு மாணவங்களைக் கூட்டிகினு போங்க. கரைக்குத் திரும்பி வந்ததும் அவங்க பத்து ஸ்கூல்ல போய் பேசுவாங்க.

அதோட எங்க ஊருக்குன்னு ஒரு சின்ன கோரிக்கை. பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர் சுத்துல ரெண்டு மூணு ஸ்கூல் வளாகத்துல நிரந்தர நிலநடுக்கமானி வைங்க. எடம், கரண்ட், பூட்டு சாவி எல்லாம் நாங்க பாத்துக்கறோம், எங்க ஹெச்எம்கிட்ட பேசியாச்சு, லேபுக்குப் பின்னால பாறை தெரியற எடம் ஒண்ணு இருக்கு, வண்டி சத்தம் அங்க வராது. அடுத்த தடவை ஆடினா ஆழம் என்னன்னு பசங்க கேக்கறப்போ காட்டறதுக்கு அந்தக் கருவி வரையற ஒரு கோடு போதும்.

அந்தமான் கடலடி நெட்வொர்க்குக்கு திட்டம் ஏற்கனவே உங்க பைல்ல இருந்தா அதுல எந்த எடத்துலேர்ந்து கேபிள் ஆரம்பிக்குது, எந்த வருஷம் இறங்குது, டேட்டா யாருக்குக் கெடைக்கும்னு ஒரு பதில் போடுங்க. இல்லேன்னா ஏன் இல்லைன்னு எழுதுங்க. எதுவா இருந்தாலும் அதைத் தமிழ்ல எழுதுங்க, பசங்களுக்கு கிளாஸ்ல படிச்சுக் காட்டணும்.

இப்படிக்கு,
ஒரு பிசிக்ஸ் டீச்சர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
குடியாத்தம் தாலுகா, வேலூர் மாவட்டம்.